பிழை, காரணம், திருத்தம்: திருகோணமலைக் குசினிகளில் கேக்கும் பிரவுணியும்

எமது கல்லூரியின் நூற்றாண்டு மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை தரவேண்டும் என்று பழைய மாணவியர் சங்கச் செயலாளர் கேட்டபோது, அதிபர்களைப் பற்றியும் கட்டடங்களைப் பற்றியும் எழுத என்னிலும் தகுதியுடையோர் பலர் இருக்கின்றனர் என்று கூறித் தப்பிக்கப் பார்த்தேன். "அப்ப சமையலைப் பற்றியாவது எழுதுங்கோ அக்கா" என்றார் அவர். விளையாட்டாகச் சொன்ன அந்தச் சொல்லை நான் வினையாகவே எடுத்துக்கொண்டேன்.

நூறு ஆண்டுக் கதையில் மனையியல் அறைக்கும் ஒரு பங்கு உண்டு. விஞ்ஞான ஆய்வுகூடத்தைப் பற்றியும் வலைப்பந்தாட்டக் கேடயங்களைப் பற்றியும் பலர் எழுதுவார்கள். ஒரு நீண்ட மேசை, இரண்டு மண்ணெண்ணெய் அடுப்பு, ஒரு தகரப் பெட்டி அவண் ஆகியவற்றோடு இயங்கிய அந்த அறையைப் பற்றி எழுத ஆளிருக்குமோ தெரியாது. ஆகவே, அந்த அறையில் நாம் கற்ற கேக் எங்கிருந்து எம்மூருக்கு வந்தது, இன்று எம் பிள்ளைகள் செய்யும் பிரவுணி வரை அது எப்படி நடந்து வந்தது என்பதை என்னால் இயன்றவரை எழுதுகிறேன்.

சொற்கள் கூறும் வரலாறு

எமது வீட்டுப் பேச்சிலேயே இந்த வரலாற்றின் முதல் அத்தியாயம் இருக்கிறது. குசினி, போறணை, பாண், விசுக்கோத்து, மேசை, அலுமாரி ஆகிய எல்லாமே போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்கள். 1624 இல் அவர்கள் கோணேசர் மலையில் கோட்டை கட்டினார்கள். கோயிலை இடித்த கைகளே போறணையையும் கொண்டுவந்தன என்பது எம்மூர் வரலாற்றின் கசப்பும் இனிப்பும். அதுவரை எமது பலகாரங்கள் ஆவியில் அவிந்தன, எண்ணெயில் பொரிந்தன, தாச்சியில் வறுபட்டன. நாலு புறமும் சூடு சூழ, மூடிய வெளிக்குள் ஒரு பண்டத்தை வேகவைக்கும் முறை புதிது.

1639 இல் ஒல்லாந்தர் கோட்டையைக் கைப்பற்றினர். சித்திரைப் புத்தாண்டில் சிங்கள வீடுகளிலிருந்து எமக்கு வரும் கொக்கிஸ் என்னும் பெயர் அவர்களுடைய மொழியிலிருந்து வந்தது. மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் வாழ்ந்து, போர்த்துக்கேயக் கிரியோல் மொழியை நெடுங்காலம் பேசிவந்த பறங்கியர் குடும்பங்கள் இந்தக் கலையைக் காத்தன. ரவையும் முந்திரிப் பருப்பும் பூசணி இனிப்பும் பன்னீரும் தேனும் சேரும் லவ் கேக், ஐரோப்பிய முறையும் எம் மண்ணின் பொருள்களும் கலந்து பிறந்த பண்டம். நத்தாருக்குப் பறங்கி வீட்டிலிருந்து ஒரு தட்டு வரும். தைப்பொங்கலுக்கு எம் வீட்டிலிருந்து ஒரு தட்டுப் போகும். கேக் எம் வீடுகளுக்குள் நுழைந்த வாசல் அதுதான்.

1795 இல் ஆங்கிலேயர் வந்தனர். கடற்படைத் தளம் வளர்ந்தது. டொக்யார்டில் வேலை பார்த்த எம்மவர் சிலர் அதிகாரிகளின் வீடுகளிலும் உணவுக்கூடங்களிலும் பட்டர் கேக்கையும் புடிங்கையும் கண்டனர். 1929 இல் ஹில்டா டியூட்ரம் தொகுத்த சிலோன் டெய்லி நியூஸ் சமையல் நூல் வெளிவந்தபோது, ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த வீடுகளில் அது ஒரு சீதனப் பொருள்போல இடம்பிடித்தது.

கோதுமை மா வந்த கதை

ஆயினும் கேக் சாதாரண வீட்டுக்கு வரவேண்டுமானால் முதலில் கோதுமை மா வரவேண்டும். அதைக் கொண்டுவந்தது போர். 1942 மார்ச்சில் ரங்கூன் யப்பானியர் வசமானது. பர்மா அரிசியை நம்பியிருந்த இலங்கையில் அரிசித் தட்டுப்பாடு வந்தது. அதற்கு ஈடாகக் கோதுமை மா பங்கீட்டில் கொடுக்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரல் 9 ஆம் திகதி யப்பானிய விமானங்கள் எமது துறைமுகத்தையும் சீனக்குடா விமானத் தளத்தையும் தாக்கின. ஊரை விட்டு ஓடியவர்கள் திரும்பி வந்தபோது, குசினியில் அரிசி மாவுக்குப் பக்கத்தில் கோதுமை மாவும் நிரந்தரமாக இடம்பிடித்திருந்தது என்று என் அம்மம்மா சொல்லுவா. முதலில் றொட்டியும் பிட்டுமாக இருந்த அந்த மா, பின்னர் விசேட நாள்களில் கேக்காகவும் ஆனது.

1957 இல் கடற்படைத் தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டது. 1980 இல் சீனக்குடாவில் பிரீமா மா ஆலை இயங்கத் தொடங்கியது. உலகின் மிகப்பெரிய மா ஆலைகளுள் ஒன்று எம் துறைமுகக் கரையிலேயே இருக்கிறது. நாட்டின் மூலைமுடுக்குகளில் சுடப்படும் பாணுக்கும் பணிசுக்கும் கேக்குக்கும் வேண்டிய மாவில் பெரும்பங்கு எம் குடாவைத் தாண்டிப் போகிறது என்பதை எம் பிள்ளைகள் அறிந்திருத்தல் நல்லது.

மாவு இருந்தும் போறணை எல்லார் வீட்டிலும் இருக்கவில்லை. வசதியுள்ளோர் கலவையைத் தட்டில் ஊற்றி, பெயரெழுதிய துண்டு ஒட்டி, பக்கத்துப் பேக்கரிப் போறணைக்கு அனுப்புவார்கள். பாண் எடுத்தபின் தணிந்திருக்கும் சூட்டில் கேக்குகள் வேகும். மற்றையோர் வீட்டிலேயே போறணை செய்தார்கள். பெரிய கிடாரத்தின் அடியில் கழுவிக் காயவைத்த ஆற்றுமணல் இரண்டு விரல் உயரம், அதன்மேல் மூன்று கல், கல்லின்மேல் கேக் தட்டு, மேலே மூடி, மூடியின்மேல் சிரட்டைக் கரித் தணல். கீழ் நெருப்பும் மேல் நெருப்பும் ஒத்துப்போக வேண்டும். அதைக் கையின் சூட்டுணர்வால் அளந்த பெண்கள் எம் பாட்டிமார்.

மனையியல் அறையின் மூன்று நிரல்கள்

நான் ஒன்பதாம் வகுப்பில் மனையியல் படித்தது 1979 இல். உண்மையைச் சொன்னால், அந்தப் பாடத்தை எடுப்பதில் எனக்கு வெட்கம். கணிதமும் விஞ்ஞானமும் வராத பிள்ளைகளுக்கு உரியது என்ற பேச்சு அந்நாளில் இருந்தது. எங்கள் ரீச்சர் அதை அறிந்திருந்தா. முதல் நாளே கரும்பலகையில் இரண்டு கோடு கீறி, மூன்று நிரல் ஆக்கி, பிழை, காரணம், திருத்தம் என்று தலைப்பிட்டா. "கேக் நல்லா வந்தால் சாப்பிடுங்கோ. பிழைச்சால் எழுதுங்கோ. பிழைச்சதுதான் பாடம்" என்றா.

முதற் செய்முறையில் என் கேக்கின் நடுப்பகுதி குழிந்து போயிற்று. வகுப்பு சிரித்தது. ரீச்சர் சிரிக்கவில்லை. "ஏன் குழிஞ்சது?" என்று கேட்டா. எனக்குத் தெரியவில்லை. அடுத்த வகுப்புக்குள் மூன்று காரணம் கண்டுபிடித்து வரச்சொன்னா. வேகுமுன் மூடியைத் திறந்தேனா? பேக்கிங் பவுடர் கூடிப்போயிற்றா? நடு வேகுமுன் இறக்கினேனா? மூன்றில் எது என்று அறிய மூன்று சின்னக் கேக் செய்து பார்க்கச் சொன்னா. ஒவ்வொன்றிலும் ஒரேயொரு விடயத்தை மட்டும் மாற்ற வேண்டும் என்றா. பின்னாளில் மருத்துவ ஆய்வுகூடத்தில் முப்பது ஆண்டு வேலை செய்தேன். பிழையான முடிவு ஒன்று வந்தால் எப்படித் தேடுவது என்று அங்கே பயிற்றுவித்தபோது, இதை நான் மனையியல் அறையிலேயே கற்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த அட்டவணையில் நினைவில் நிற்கும் சிலவற்றைத் தருகிறேன். மாஜரினும் சீனியும் அடிக்கும்போது காற்றுக் குமிழ்கள் உள்ளே அகப்படுகின்றன. பேக்கிங் பவுடர் தரும் வாயு அக்குமிழ்களைப் பெருக்குகிறது. முட்டையும் மாவும் சூட்டில் இறுகி அவற்றைத் தாங்கிப் பிடிக்கின்றன. தாங்குசக்தி வருமுன் வாயு வெளியேறினால் கேக் குழிகிறது. சூடு கூடினால் மேற்றோல் முந்தி இறுகி, உள்ளே பெருகும் கலவை அதை வெடித்துக்கொண்டு எழும்புகிறது. முட்டையை ஒரேயடியாக ஊற்றினால் கலவை திரிகிறது. ஒரு கரண்டி மாவைச் சேர்த்தால் சேர்ந்து வரும். மாவிட்ட பின் அதிகம் அடித்தால் கேக் இறப்பர்போல ஆகும். பிளம்ஸ் அடியில் தங்காதிருக்க, அதைச் சிறிது மாவில் புரட்டிப் போடவேண்டும்.

எம்மூருக்கென்றே சில குறிப்புகளும் இருந்தன. கடற்காற்றின் ஈரத்தில் பேக்கிங் பவுடர் விரைவில் வலுவிழக்கும். அரைக் கரண்டியைச் சுடுநீரில் போட்டு நுரைக்கிறதா என்று பார்க்கவேண்டும். வைகாசி வெயிலில் மாஜரின் உருகிவிடும். உருகிய கொழுப்பு காற்றைப் பிடிக்காது. ஆகவே கிண்ணத்தைக் குளிர்நீரில் வைத்து அடிக்கவேண்டும். வெப்பமானி இல்லாத அவணுக்குள் வெள்ளைக் கடதாசித் துண்டு ஒன்றை வைத்து, அது எத்தனை நிமிடத்தில் பழுப்பாகிறது என்று பார்த்துச் சூட்டை மதிப்பிட்டோம்.

கொப்பி போனது, அட்டவணை போகவில்லை

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது எம்மில் பலர் வீடுகளை விட்டு ஓடினோம். நானும் அம்மாவும் எடுத்துக்கொண்டு ஓடியது அடையாள அட்டைகளையும் சான்றிதழ்களையும்தான். அம்மாவின் சமையல் கொப்பியும் என் மனையியல் கொப்பியும் வீட்டோடு போயின. வேறு இழப்புகளோடு ஒப்பிட்டால் அவை பெரிதல்ல. உயிர்களை இழந்த வீடுகளின் நடுவே கொப்பியைப் பற்றிப் பேசவும் கூச்சமாக இருந்தது.

ஆனால் அந்த ஆண்டுகளில்தான் கேக்கின் வேறொரு பயனைக் கண்டேன். கணவனை இழந்த, அல்லது கணவன் எங்கே என்று அறியாத பெண்கள் எம்மிடையே இருந்தனர். அவர்களுள் எம் கல்லூரியின் பழைய மாணவிகளும் இருந்தனர். அவர்களில் ஒருவர் பிறந்தநாளுக்கும் சாமத்திய வீட்டுக்கும் கேக் செய்து விற்றே இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தார். சோதனைச் சாவடிகளைத் தாண்டிப் பட்டர் வாங்கி வருவது ஒரு நாள் வேலை. ஒரு கேக் பிழைத்தால் அந்தக் கிழமைச் சாப்பாடு பிழைக்கும். "அட்டவணையை மனப்பாடம் செய்திருந்தேன் அக்கா, கொப்பி எரிஞ்சாலும் அது எரியேல்லை" என்று அவர் ஒருமுறை சொன்னார். மனையியலை மட்டமான பாடம் என்று நான் நினைத்த நாளுக்காக அன்றுதான் உண்மையாக வெட்கப்பட்டேன்.

பிரவுணி வந்த வழி

இன்று எம் பிள்ளைகள் பட்டர் கேக்கை விட்டுப் பிரவுணிக்கு மாறிவிட்டார்கள். அதற்கும் பெண்களைச் சுற்றிய ஒரு வரலாறு உண்டு. 1893 இல் சிக்காகோவில் உலகக் கண்காட்சி நடந்தது. அதன் பெண்கள் நிர்வாக சபைக்குத் தலைமை தாங்கியவர் பேர்தா பாமர். கண்காட்சிக்கு வரும் பெண்களின் மதிய உணவுப் பெட்டியில் வைக்கத்தக்கதாக, கேக் துண்டிலும் சிறியதாய்க் கையால் எடுத்து உண்ணக்கூடிய ஓர் இனிப்பைத் தம் குடும்ப ஹோட்டலான பாமர் ஹவுசின் சமையலாளரிடம் கேட்டார் என்றும், அதுவே முதற் பிரவுணி என்றும் அந்த ஹோட்டல் இன்றும் சொல்லி வருகிறது.

பிரவுணி என்ற பெயரை அச்சில் பரப்பியவர்களுள் ஒருவர் பொஸ்டன் சமையற் பாடசாலையின் அதிபர் ஃபானி ஃபார்மர். பதினாறு வயதளவில் பக்கவாதத்தால் கல்லூரிப் படிப்பை இழந்தவர் அவர். 1896 இல் அவர் எழுதிய சமையல் நூலை வெளியிடப் பதிப்பகம் தயங்கியது. முதற் பதிப்பின் செலவை அவரே ஏற்றார். அந்த நூலில் பிரவுணி என்ற பெயரில் இருந்தது சொக்லேட் இல்லாத, கரும்புப் பாகில் செய்த சின்னக் கேக். 1906 ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் சொக்லேட் சேர்ந்தது. ஒரு பிடி, ஒரு சிட்டிகை, கண்ணளவு என்றிருந்த சமையலில், கோப்பையையும் கரண்டியையும் மட்டமாக வழித்து அளக்கும் ஒழுங்கை நிலைநாட்டியவர் அவர். எங்கள் மனையியல் ரீச்சரைப் போன்ற ஒருவர் என்றே எனக்குத் தோன்றும்.

பேக்கிங் பவுடர் போட மறந்த ஒரு பெண்ணின் பிழையே பிரவுணி ஆயிற்று என்றும் கதை உண்டு. ஆதாரமற்ற கதைதான். ஆனாலும் அது பரவியதற்குக் காரணம் இருக்கிறது. எழும்பாமை, அடர்த்தி, நடுவில் ஈரம் என்று எங்கள் அட்டவணையில் முதல் நிரலில் இருந்த எல்லாமே பிரவுணியில் நல்ல இலட்சணங்கள்.

இந்த வெக்கைக்கு ஏற்ற கேக்

சிலர் செய்முறை கேட்பார்கள் என்பதால் நான் செய்யும் அளவைத் தருகிறேன். எட்டு அங்குலச் சதுரத் தட்டுக்கு, கறுப்புச் சொக்லேட் 115 கிராம், பட்டர் 115 கிராம், சீனி 200 கிராம், முட்டை 2, கோதுமை மா 70 கிராம், கொக்கோ 20 கிராம், ஒரு சிட்டிகை உப்பு, சிறிது வனிலா. சொக்லேட்டையும் பட்டரையும் சுடுநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்கி ஆறவிடுங்கள். முட்டையையும் சீனியையும் நன்றாக அடித்துச் சேருங்கள். மாவையும் கொக்கோவையும் அரித்துக் கொட்டி, வெள்ளை மறையும் வரை மட்டும் மடித்துக் கலவுங்கள். 175 பாகை செல்சியசில் 22 முதல் 25 நிமிடம். பட்டரை உருக்கியே செய்வதால், வெயிலில் மாஜரின் உருகுகிறதே என்று நாம் பட்ட பாடு இதில் இல்லை. எம்மூர் வெக்கைக்கு ஏற்ற கேக் இது.

இனி, பிழைகள். மேலே மினுமினுப்பான மெல்லிய தோல் வரவில்லையா? சீனி முட்டையில் கரையவில்லை. எங்கள் கடைச் சீனி பெருமணி, ஆகவே கிரைண்டரில் ஒரு சுற்று அரைத்து, ஐந்து நிமிடம் அடியுங்கள். கேக்போலப் பொதுபொதுவென்று வந்ததா? மா கூடியது, அல்லது மாவிட்ட பின் அதிகம் அடித்தீர்கள். கோப்பையால் அளந்தால் இந்தப் பிழை நிச்சயம். ஒருவர் கோப்பையும் மற்றவர் பால்பேணியும் ஒன்றல்ல. ஒரு சிறு தராசு வாங்குங்கள். உருக்கும்போது சொக்லேட் கட்டிபட்டதா? ஒரு துளி நீர் அல்லது நீராவி பட்டிருக்கும், எறிந்துவிடாதீர்கள். கொதிநீரைத் தேக்கரண்டி தேக்கரண்டியாக விட்டுக் கலக்கினால் மீண்டும் இளகும். குளிரூட்டியிலிருந்து நேரே எடுத்த முட்டையும் கலவையை இறுக வைக்கும். முன்கூட்டியே வெளியே வையுங்கள். சுவை மந்தமா? கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் வேறு கொழுப்புச் சேர்த்த மலிவுச் சொக்லேட்டாக இருக்கலாம். கொக்கோவை ஒரு கரண்டி கூட்டிச் சீனியைக் குறையுங்கள். வெட்டும்போது உடைகிறதா? சூட்டோடு வெட்டுகிறீர்கள், முற்றாக ஆறவிட்டு, கத்தியைச் சுடுநீரில் தோய்த்துத் துடைத்து வெட்டுங்கள்.

எங்கள் தலைமுறைக்குக் கடினமானது ஒன்றே. ஈர்க்குக் குத்திப் பார்த்து அது சுத்தமாக வந்தால் கேக் வெந்தது என்று படித்தோம். பிரவுணியில் ஈர்க்குச் சுத்தமாக வந்தால் பிந்திவிட்டீர்கள் என்று பொருள். ஈரத் துகள்கள் ஒட்டிக்கொண்டு வரும்போதே இறக்கவேண்டும். தட்டின் சூட்டில் மீதி வேகும். பச்சைக் கலவையாக வழிந்தால் மட்டும் இன்னும் ஐந்து நிமிடம். இதை ஏற்க எனக்கு மூன்று தட்டுப் பிரவுணி காய்ந்துபோக வேண்டியிருந்தது.

மணற் கிடாரம் மீண்டது

2022 இல் நாடு பட்ட பாட்டை நாம் மறக்கமாட்டோம். மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு. காஸ் சிலிண்டருக்கு நீண்ட வரிசை. ஓகஸ்டில் சொக்லேட் உட்படப் பல பொருள்களின் இறக்குமதி இடைநிறுத்தப்பட்டது. என் பெறாமகள் அந்நாளில் பிரவுணி செய்து விற்று வந்தாள். அவளுடைய கணவனுக்கு வேலை போயிருந்தது. ஒருநாள் அழுகையோடு தொலைபேசியில் கூப்பிட்டாள். நாளைக்கு மூன்று தட்டுக் கொடுக்கவேண்டும், அவண் இல்லை, காஸ் இல்லை என்றாள்.

"கிடாரம் இருக்கா?" என்று கேட்டேன்.

மணலும் சிரட்டைக் கரியும் தேடி அவள் முதல் தட்டை வைத்தாள். மறுபடி கூப்பிட்டாள். "ஓரம் கருகுது பெரியம்மா, நடு பச்சையா இருக்கு."

"காரணம் என்ன?"

சிறிது நேரம் பேச்சில்லை. எங்கள் கல்லூரியில்தான் அவளும் படித்தவள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "கீழ் நெருப்புக் கூடிப்போச்சு. தட்டும் பெரிசு."

"அப்ப திருத்தத்தையும் நீயே சொல்லு பிள்ளை."

மணலை இன்னும் ஒரு விரல் உயர்த்தினாள். கீழ்த் தணலில் பாதியை மூடிக்கு மாற்றினாள். பெரிய தட்டுக்குப் பதில் இரண்டு சின்னத் தட்டு வைத்தாள். மறுநாள் மூன்று தட்டுக் கணக்கும் போய்ச் சேர்ந்தது. சொக்லேட் கிடைக்காத மாதங்களில், கையிருப்பிலிருந்த கொக்கோவைக் கூட்டி, சொக்லேட் தரும் கொழுப்புக்கு ஈடாகப் பட்டரையும் கூட்டிச் சமாளித்தாள். அந்த ஆண்டு அந்த வீட்டில் அடுப்பு அணையவில்லை.

என் பாட்டி அறிந்த கிடாரம், என் ரீச்சர் கீறிய மூன்று நிரல், சிக்காகோவிலும் பொஸ்டனிலும் பிறந்த ஒரு பண்டம் ஆகிய மூன்றும் உவர்மலையில் ஒரு சிறு குசினியில் அன்று சந்தித்தன. நூறு ஆண்டில் எமது கல்லூரி மருத்துவர்களையும் பொறியியலாளர்களையும் ஆசிரியர்களையும் தந்திருக்கிறது; அவர்கள் பெயர்கள் இம்மலரில் உரிய இடம்பெறும். பெயர் வராத பலர், பிழைத்ததைக் கண்டு கலங்காமல் காரணம் தேடத் தெரிந்த பெண்களாக வீடுகளைத் தாங்கியிருக்கிறார்கள். அவர்களையும் தந்தது இதே கல்லூரிதான்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். பழைய மாணவியர் வீடுகளில் தப்பியிருக்கும் மனையியல் கொப்பிகளைத் திரட்டுங்கள். எண்ணெய்க் கறை பட்டிருந்தாலும், பக்கம் கிழிந்திருந்தாலும் வாங்கிக் கல்லூரி நூலகத்தில் வையுங்கள். அவை எமது ஆய்வுகூடக் குறிப்பேடுகள். இன்னொரு நூறாண்டுக்கு எம் பிள்ளைகள் அவற்றில் புதிய பிழைகளையும் புதிய திருத்தங்களையும் எழுதட்டும். கல்லூரி அன்னை நீடு வாழ்க.